ஒரு வெள்ளிக்கிழமையின் பீக்

மார்ச் 4
மழை. இரண்டாம் ஆண்டு மாணவர்களின் அறிக்கைகளைத் திருத்தினேன். எல்லாரும் ஒரே பொருளைத் தயாரித்து, அவரவர் அதன் நிறமாலையை எடுத்து, இணையத் தரவுத்தளத்தில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். படுத்துக் கிடந்து, நடுநடுவே நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொள்ளும் அந்த கிராஃப் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. காபி ஆறிப்போனது.

முப்பத்தெட்டு பேர் சரி. முன்பெஞ்சுப் பெண் மட்டும் ஒரு பீக்கை, கோடு நிமிரும் ஓர் இடத்தை, எழுதாமல் விட்டிருந்தாள். 'கவனக்குறைவு' என்று சிவப்பில் எழுதினேன்.

மார்ச் 6
வந்து நின்றாள். "என் கிராஃப்ல அந்த பீக் இல்ல மேடம். இல்லாதத எப்படி எழுதறது?"

"தளத்துல இருக்கேம்மா" என்றேன்.

"அப்ப எனக்கு கெமிஸ்ட்ரி வராது போல. பாடம் மாத்த ஃபார்ம் வாங்கிட்டேன். பத்தாம் தேதி கடைசி."

மார்ச் 7
மனசு கேட்கவில்லை. மற்றவர்களின் கிராஃபையும் எடுத்துப் பார்த்தேன். ஒருவருக்கும் அந்த பீக் இல்லை. தளத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நானும் கிராஃபைப் பார்க்காமலே மார்க் போட்டிருக்கிறேன்.

தளத்தில் இருக்கும் அந்த பீக், குழாய் கழுவும் அசிட்டோனுடையது. மாதிரியை ஊற்றும் குழாயைக் கழுவிவிட்டுக் காயவிடாமல் அளந்தால் வருவது. யார் அந்த அவசரக்குடுக்கை என்று தளத்தில் அளந்தவர் பெயரைத் தேடினேன்.

என் பெயர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை.

அன்றுதான் வீட்டுக்காரர் — அப்போது வெறும் சிநேகிதர் — முதல் தடவையாகக் கீழே காத்திருந்தார். குழாய் காயும்வரை யாருக்குப் பொறுமை? இரண்டிரண்டு படியாக இறங்கியது இன்னும் காலுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சாயங்காலம் இத்தனை வருஷமாய் அங்கே நிமிர்ந்து நிற்கிறது. அதைப் போய் நானே அழிக்கவா?

அவரிடம் சொன்னேன். "அவ்வளவு அவசரப்பட்டுமா அரை மணி லேட்டா வந்த?" என்றார்.

மார்ச் 8
பயமாக இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் எந்த முகத்தோடு சொல்வது?

மார்ச் 9
சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, உள்ளதை உள்ளபடி எழுதியவள் இவள் ஒருத்திதான் என்று. காரணத்தைச் சொல்லவில்லை. "அப்போ எங்க மார்க்கு?" என்றது பின்பெஞ்சு. எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய கிராஃபைத் தளத்துக்கு அனுப்பி, என்னுடையதை எடுத்துவிடச் சொன்னேன்.

மார்ச் 10
அவள் வரவில்லை.

மார்ச் 11
போய்விட்டாள் என்றே நினைத்தேன். காலையில் ஆய்வக வாசலில் மடிக்கணினியோடு நின்றிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். தளத்துல இன்னொண்ணும் சந்தேகமா இருக்கு."

பார்த்தேன். அதுவும் நான் அளந்ததுதான்.

"ஃபார்ம் குடுத்தாச்சா?" என்றேன்.

"இத முடிக்காம எப்படி மேடம்?" என்றாள்.