கட்டத்துக்குள் அடங்காத வரி

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஆரணியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் சுகம் என்று போன வியாழக்கிழமைதான் அறிந்தேன், அதுவும் பக்கத்து வீட்டார் வாயால். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதெல்லாம் இரண்டு சாம்பல் குறியோடு அப்படியே கிடக்கிறது, நீலமாவதில்லை. ஆகவேதான் பேனாவை எடுத்தேன். பக்கத்து வீட்டு றஞ்சிதமக்காவின் தம்பி கார்த்திகன் பாரிஸுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். கையில் தந்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, பாருங்கள்.

ஆரணிக்கு அடுத்த மாதம் கணினிப் பாடத்தில் செய்முறைப் பரீட்சை. படமும் எழுத்துமாக ஒரு துண்டுப்பிரசுரத்தை வடிவமைத்து, அச்சுக்குப் போகக்கூடிய விதமாகக் கொடுக்க வேண்டும். பாடசாலையில் இருந்த மென்பொருளுக்கு இனிக் காசு கட்ட வழியில்லையாம். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை வீட்டில் தேடிப் பழகுங்கள், பரீட்சைக்கு அதையே ஏற்றித் தருகிறேன், ஆனால் களவுப் பிரதியோடு ஒருவரும் வரக் கூடாது என்று பர்ஹா மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டா.

உங்கள் மகளும் நானும் காலி வீதியில் ஏறி இறங்காத கடையில்லை. ஒருவன், பிரச்சினையே இல்லை நோனா என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு, களவுப் பிரதியைப் பென் டிரைவில் ஏற்றித் தரப் பார்த்தான். எனக்கு அலுப்பில் சபலம் தட்டியது உண்மை. ஆரணிதான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். பிறகு இணையத்தில் இலவசம் என்று போட்டிருந்த ஒன்றை இறக்கினோம். கொஞ்ச நாள் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, பக்கத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் முத்திரை குத்தத் தொடங்கியது. காசு கட்டினால்தான் அது போகுமாம். இலவசம் என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் கீழ் மாடி அஸ்காதான் ஸ்கிரைபஸ் என்று ஒன்று இருப்பதாகவும், அது உண்மையிலேயே இலவசம் என்றும் சொன்னா. நீங்கள் விட்டுப்போன மடிக்கணினி பெரிய மூச்சு விட்டு விட்டு அதை ஏற்றிக்கொண்டது.

அதில் எதை வைப்பதென்றாலும் முதலில் ஒரு கட்டம் போட வேண்டும். எழுத்துக்கு ஒரு கட்டம், படத்துக்கு ஒரு கட்டம். எழுத்து கூடிவிட்டால் மிச்சம் தெரியாது, மூலையில் சின்னதாக ஒரு சிவப்புக் குறி மட்டும் வரும். அந்தக் குறியை நாங்கள் இருவருமே கணக்கில் எடுக்கவில்லை. அதனால் வந்த வினைதான் இனிச் சொல்லப்போவது.

பழகிப் பார்க்க ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் செய் என்று மிஸ் சொல்ல, ஆரணி உங்களைத் தேர்ந்தெடுத்தாள். போகுமுன் கடவுச்சீட்டுக்காக எடுத்த படம்தான் இருந்தது, சிரிக்காமல், வெள்ளைச் சட்டையோடு. சுற்றிவரத் தடித்த கரை போட்டாள். ஒருவரைப் பற்றி எப்படி எழுதுவதென்று பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பேப்பரில் பார்த்தபடி எழுதினாள். கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட பாலசுந்தரம் அவர்கள், நாகேஸ்வரியின் அன்புக் கணவரும் ஆரணியின் பாசமிகு தந்தையும் ஆவார் என்று. நானும் வாசித்துவிட்டு, நல்லாயிருக்கு என்றேன். போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்து எடுத்தபோது கறுப்பு வெள்ளையில்தான் அச்சடித்தார்கள். கடைக்காரர் பாவம், என்னிடம் ஒன்றும் கேட்காமல், ஒரு பிரதி கூடுதலாக எடுத்துத் தன் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிட்டார்.

விடிந்ததும் றஞ்சிதமக்கா வந்தா. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று இடியப்பமும் சொதியும் கொண்டு வந்து, என்னைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிட்டா. பின்னால் அஸ்கா, அவவுக்குப் பின்னால் மேல் மாடிக்காரர். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் நல்லாத்தான் இருக்கிறார், இது பிள்ளையின் பாடம் என்றேன். அப்ப கடைசியா எப்ப கதைச்சவர் என்று அக்கா கேட்டா. எல்லாருக்கும் முன்னால் உங்களுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் எடுத்தேன். ஆரணி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அப்பா இருக்கிறார்தானே அம்மா என்று அவள் கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பிறகு வந்து சேர்ந்த கார்த்திகன்தான் பாரிஸில் உங்களோடு அறையில் இருப்பவருக்கு எடுத்துக் கதைத்தார். ஆள் இப்பத்தான் விடியப்புற வேலைக்குப் போனவர், போனும் கையோடதான் கொண்டு போனவர் என்று பதில் வந்தது. எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு உயிர் வந்தது, உடனேயே நெஞ்சு எரிந்தது. கோபிக்காதீர்கள், கொண்டு வந்த இடியப்பத்தை நாங்கள்தான் சாப்பிட்டோம்.

கார்த்திகன் போகும்போது, வாசலில் வைத்து மற்றதையும் சொன்னார். உங்கள் அகதிக் கேஸ் திரும்பவும் நிராகரிக்கப்பட்டதை எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டீர்களாம். அந்த வெட்கத்தில்தான் கதைக்காமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விசா கிடைக்காத மனிதரோடு கதைக்க மாட்டேன் என்று நான் எப்போதாவது சொன்னேனா? இந்த வீட்டில் பின்னேரங்களில் சமுத்திரத்துப் பக்கம் ரயில் போகும் சத்தத்தைத் தவிர எனக்குத் துணை இல்லை. தோற்ற கதையானாலும் உங்கள் குரலில் கேட்டால் எனக்குப் போதும்.

ஆரணி பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து கட்டத்தைப் பெரிதாக்கினாள். மறைந்து கிடந்த கடைசி வரி அப்போதுதான் வெளியே வந்தது. அவர் இப்போது பாரிஸில் வேலை செய்கிறார், என் பரீட்சைக்கு முன் என்னோடு கதைப்பார் என்று எழுதியிருந்தாள். அந்த வரியை அழிக்கவில்லை. உங்கள் பழைய படத்தை மட்டும் எடுத்துவிட்டாள். படம் இல்லாத கட்டத்தில் மூலைக்கு மூலை இரண்டு கோடு குறுக்கே கிடக்கிறது. புதுப் படம் வந்தால் வைப்பேன் என்கிறாள்.

பம்பலப்பிட்டிப் பிள்ளையார் உங்களைக் கைவிட மாட்டார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். முகம் வாடியிருந்தாலும் பரவாயில்லை, தாடி வைத்திருந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு இருக்கிறபடியே ஒரு படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம்.

உங்கள் வரவை எப்போதும் பார்த்திருக்கும்,
நாகேஸ்வரி.