நான் புகழ்ந்தால் உடையும்

ஜூலை 4, 2025
கணக்கில் தொண்ணூற்றெட்டு. அம்மா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு" என்றாள். என் தோழி பெபிஷா நாற்பத்தொன்று எடுத்ததற்கு அவள் அம்மா அல்வா வாங்கிக் கொடுத்தாளாம்! எனக்கு நினைவு தெரிந்து அம்மா வாயிலிருந்து "நல்லாயிருக்கு" என்று ஒரு தடவைகூட வந்ததில்லை. பிளஸ் டூ முடிந்து ஹாஸ்டலுக்குப் போவதற்குள் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அப்படி என்ன கேட்டுவிட்டேன்?

ஜூலை 9
இன்றோடு பதினேழு. அம்மாவே எடுத்துத் தந்த சுடிதாரைப் போட்டுக் காட்டினேன். "சாக்குக்குள்ள கெழங்கப் போட்ட மாதிரி இருக்கு." அந்தக் கடுப்போடு பள்ளிக்கூடம் போனேன். பெபிஷாவின் புது சைக்கிளைப் பார்த்து "சூப்பரா இருக்குட்டி" என்றேன். ரெண்டு டயரும் ஒரே நேரத்தில் டப்.

ஜூலை 13
சைக்கிள். கெமிஸ்ட்ரி டீச்சர் கண்ணாடி. கொத்துக்கொத்தாய்க் காய்த்த எங்கள் முருங்கை. நான் மனசாரப் புகழ்ந்தது எல்லாம் போச்சு. பொய்யாகப் புகழ்ந்தால் ஒன்றும் ஆவதில்லை. தலைமையாசிரியர் பேச்சை மூன்று தடவை புகழ்ந்து பார்த்தேன், மனுஷன் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆக, நான் சூனியக்காரி. சினிமாவில் சூனியக்காரிகள் துடைப்பத்தில் பறக்கிறார்கள். எங்கள் வீட்டுத் துடைப்பம் முற்றம் பெருக்கத்தான் ஆகும். மந்திரமாவது நாலு வரி இருக்கக்கூடாதா? வெறும் "நல்லாயிருக்கு". அம்மாவுக்கு வராத அதே சொல்.

பெபிஷாவிடம் மட்டும் சொன்னேன். "ஏட்டி, என் மூஞ்சியப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத, கேட்டியா!" என்றாள்.

ஜூலை 20
பெபிஷாவிடம் சொன்னால் மைக் வைத்துச் சொன்ன மாதிரி. பக்கத்து வீட்டு சுஜா அக்கா புதுச் சேலையில் வந்தவள், என்னைக் கண்டதும் "பழசு மக்கா, வெறும் பழசு" என்று ஓடினாள். முதுகில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டே போகிறது.

சாயந்திரம் அனில்குமார் சித்தப்பா முட்டை பஃப்ஸோடு வந்தார். கண்ணேறெல்லாம் மூடநம்பிக்கை என்று டீக்கடையில் தினமும் முழங்குகிறவர். "எதிர்த்த வீட்டு நாராயணபெருமாள் மூணு மாடி கெட்டியிருக்கான். பால்காய்ச்சுக்கு வந்து ஒரே வார்த்த, நல்லாயிருக்குன்னு சொல்லு மக்கா. வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

பஃப்ஸைத் தின்றேன்.

ஜூலை 27
புதுவீட்டுப் பால்காய்ச்சு. ஆடியில் வைத்தால் கூட்டமும் வராது, கண்ணும் படாது என்று கணக்குப் போட்டார்களாம். வாசலில் பூசணிக்காய், பூதப் பொம்மை, படிகாரம், என்னைப் பார்த்ததும் கூடுதலாக ஒரு செருப்பு. நாராயணபெருமாள் மாமாவுக்கு வியர்த்துவிட்டது. "இதெல்லாம் ஒரு வீடா மக்கா? மழ பெஞ்சா ஒழுகும்." பக்கத்தில் நின்ற காண்டிராக்டர் முகத்தைப் பார்க்கணுமே!

சித்தப்பா என் முதுகில் இடித்தார். திரும்பி அவரையே பார்த்தேன். பொய் இல்லை, மனசாரத்தான் சொன்னேன். "சித்தப்பா, ஒங்க மீச நல்லாயிருக்கு."

பாயசம் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். பாதி மீசை கைக்குட்டையோடு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். அடிதான் என்று நின்றேன். அவளோ தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒனக்கும் வந்துட்டா?"

ஒனக்குமா? அப்படியென்றால்—

"நீ பொறந்த அன்னிக்கு ஒன்னப் பாத்து, எம்புள்ள என்ன அழகுன்னு சொல்லிட்டேன். வாய் மூடல. ஒம்பது நாளு ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்த. அதுக்குப் பொறவு ஒரு வார்த்த சொல்லல மக்கா. நாக்கக் கடிச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

அழுதாள். நானும் அழுதேன். வேறு என்ன செய்ய?

ஜூலை 28
அம்மா திட்டியதையெல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ரெண்டு தடவை.

ஆகஸ்ட் 15
பேச்சுப்போட்டியில் முதல் பரிசு. அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கோப்பையோடு இறங்கி வந்ததும் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "கொரங்கு மாதிரி இருக்கட்டி, பேச்சும் சகிக்கல" என்றாள். குரல் உடைந்துபோச்சு. கெமிஸ்ட்ரி டீச்சர் திடுக்கிட்டு, "பெத்த தாயா இது!" என்றார்.

எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. டீச்சர் வேறு காரணம் நினைத்துக்கொண்டு தோளில் தட்டிக் கொடுத்தார்.

மத்தியானம் அம்மா தேங்காய் வறுத்தரைத்து வைத்த உள்ளித்தீயல் குழம்பு. "வாயில வைக்க முடியலம்மா" என்றேன்.

அம்மா முகமெல்லாம் சிரிப்பு. இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றினாள்.