பூவும் பொட்டும் ஐந்து பேப்பரும்

மே 19, திங்கள்

விடிந்ததுமே வெயில். குழாயில் தண்ணீர் இல்லை. இன்றைய வேலை: காஸ் பதிவு, மகள் கீர்த்தியின் பிளஸ் டூ சான்றிதழ் ஜெராக்ஸ், எடப்பாடி பஸ் நிலையத்தில் ராஜவேல் ஆர்ப்பாட்டம்.

ராஜவேல். இனிமேல் ரா.வே. முழுப் பெயரை எழுதி எழுதிச் சலித்துவிட்டது. பழைய டயர் வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஆள். இப்போது காவித் துண்டு, கூடவே பத்து இளவட்டம், அடிக்கொரு புகார். போன மாதம் ஒரு பிரியாணிக் கடையின் பெயர்ப் பலகை. அதற்கு முன்னால் கிறிஸ்துமஸுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டியிருந்த நட்சத்திரம். எதைச் செய்தாலும் எங்கள் பேப்பரின் மாவட்டப் பக்கத்தில் இடம் உண்டு. சேலம் ஆபீசில் எங்கள் செய்தியைத் திருத்திப் போடும் டெஸ்க் சீனிவாசன் சார் ஒருமுறை சொன்னார்: "ரா.வே. மேட்டர்னா பாதிப் பேர் கும்பிடுவான், பாதிப் பேர் திட்டுவான். ரெண்டு பேருமே படிப்பான்மா."

இன்றைக்குக் கைதுக் காட்சி. ரா.வே. வேனின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். டி.வி.க்காரர் இன்னும் வரவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சார், வந்துட்டே இருக்காராம்" என்றார் இன்ஸ்பெக்டரிடம்.

இன்ஸ்பெக்டரும் பொறுத்தார். கேமரா வந்தது. கோஷம் மறுபடி முதலிலிருந்து. "எல்லாரும் எடுத்தாச்சுங்களா? ஏத்தலாமா?" என்று எங்களைக் கேட்டுவிட்டுத்தான் ஏற்றினார்கள். கல்யாண மண்டபத்தில் தக்காளி சாதம், தயிர் சாதம். சாயங்காலம் விடுதலை.

செய்தி: 'குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்ற போலீசார்.' தானாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவரை யார் தூக்கியது? இந்த வாரம் எழுதும் முறை தங்கராசுவுடையது. அவன் எழுதினால் அப்படித்தான்.

முறை என்பது இதுதான். ஊரில் ஐந்து பேப்பருக்கு ஐந்து பகுதி நேர நிருபர்கள். வாரத்துக்கு ஒருவர் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மற்ற நாலு பேரும் அப்படியே எடுத்துத் தங்கள் டெஸ்குக்குத் தள்ளிவிடுவோம். படித்துப் பார்ப்பதுகூட இல்லை. நானும் இத்தனை வருடம் அப்படித்தான். எல்லாருக்கும் வேறு பிழைப்பு இருக்கிறது. எனக்குத் தையல் நூலும் பொத்தானும் விற்கும் இந்தப் பெட்டிக்கடை.

மே 21, புதன்

ரா.வே. நிருபர்களைக் கூப்பிட்டிருந்தார். போன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

மும்தாஜ் அக்காவின் தையல் வகுப்பு. நூல் வாங்க என் கடைக்கு வந்து பழக்கம். நடப்பது அர்த்தநாரி வீட்டு மாடியில், வாடகை அறையில். வயசுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுப்பார். பள்ளிச் சீருடை ஆர்டரில்தான் அவருடைய பிழைப்பு. தேறிய பிள்ளைகளுக்கும் அதிலேயே கூலி உண்டு. கீர்த்தியும் லீவில் அங்கேதான் போகிறாள்.

ரா.வே. சொன்னது: "அங்க நம்ம ஊட்டுப் பொண்ணுங்க பூ வெக்கக் கூடாதாம். குங்குமம் வெக்கக் கூடாதாம். தையல் சொல்லித் தாராங்களா, மதத்தை மாத்தறாங்களா?"

விஷயம் இவ்வளவுதான்: இப்போது தைப்பது வெள்ளைச் சட்டை. மே மாத வியர்வையில் குங்குமம் வழிந்து துணியில் சொட்டும். கனகாம்பரம் கசங்கினாலும் கறைதான். கறை பட்ட சட்டையைப் பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பும். அதனால் ஆர்டர் துணியில் உட்காரும்போது மட்டும் அவை வேண்டாம் என்றார் அக்கா. அவர் மகளுக்கு மருதாணி கூடாது என்று சொன்னதும் அதே காரணத்துக்குத்தான். பூ, குங்குமம் வேண்டாம் என்றதை எந்தப் புண்ணியவதி கோயிலில் போய் எப்படிச் சொன்னாளோ.

நான் கேட்டேன்: "நேர்ல போய் விசாரிச்சீங்களாங்க?"

"போய்க் கேட்டா ஒத்துக்குவாங்களா அம்மிணி? நீங்களே சொல்லுங்க." எல்லாரும் சிரித்தார்கள். தங்கராசுவும்.

வெளியே வந்து அவனைப் பிடித்தேன். "என் பொண்ணே அங்கதான் போறா. கறை ஆகும்னு சொன்னதுப்பா அது."

"அதை அந்தம்மா சொல்லட்டுங்க்கா, மறுப்புன்னு போட்டுக்கலாம். இப்ப இவரு சொன்னதைத்தானே நாம போடறோம்?"

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே டைப் செய்து முடித்துவிட்டான். நான் அதை எடுக்கவில்லை. மும்தாஜ் அக்காவிடமும் இரண்டு பிள்ளைகளின் அம்மாக்களிடமும் போனில் பேசித் தனியாக எழுதி அனுப்பினேன். தனியாக எழுதி எவ்வளவு காலம் ஆயிற்று. சந்தோஷமாக இருந்தது.

மே 22, வியாழன்

நாசமாய்ப் போக.

'தையல் வகுப்பில் பூ, பொட்டுக்குத் தடை? ராஜவேல் பகீர் புகார்.' ஐந்து பேப்பரிலும். எங்கள் பேப்பரிலும். நான் எழுதியதில் ஒரு சொல் இல்லை. அந்தக் கேள்விக்குறி ஒன்றைப் போட்டுவிட்டால் நீதி, நியாயம், சட்டம் எல்லாம் முடிந்தது எங்களுக்கு.

படம் எங்கள் பேப்பரில் மட்டும். நான் எடுத்த படம். மகளிர் தினத்துக்கு 'இலவசத் தையல் பயிற்சி தரும் பெண்' என்று எழுதினேனே, அதற்கு எடுத்தது. பிள்ளைகள் முகம் பளிச்சென்று தெரிகிறது. பின் வரிசையில் கீர்த்தி சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

சீனிவாசன் சாருக்குப் போன் செய்தேன்.

"தங்கராசு மேட்டரைக் கேட்டு வாங்கித்தாம்மா போட்டேன். மத்த நாலு பேப்பர்லயும் ஒரே மாதிரி வருது. நம்முதுல மட்டும் வேற மாதிரி வந்தா நாமதான் தப்பா போட்டோம்னு சொல்லுவாங்க."

"என் படத்தை எதுக்குங்க சார் போட்டீங்க?"

"நீங்க அனுப்புனதுதானேம்மா. நல்லா இருந்துச்சு." பிறகு, "நிருபர் அடையாள அட்டை புதுப்பிக்கிற நேரம் செல்வி. உங்க இடத்துக்கு ரெண்டு பேர் இங்க அஸ்தம்பட்டி ஆபீசுக்கு நடையா நடக்கறாங்க. பார்த்துக்கங்க."

மத்தியானம் ரா.வே. போன். "படத்தோட போட்டது நீங்க மட்டுந்தான் அம்மிணி. ரொம்ப நன்றி." போனை வைத்துவிட்டுக் குளித்தேன். இரண்டாவது தடவை.

கீர்த்தி தனியாகச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "நீ அந்தப் போட்டோவை எடுக்காமயே இருந்திருக்கலாம்மா."

மே 24, சனி

தேங்காய், துவரம் பருப்பு, கொசுவத்தி. கடைக்கு வெள்ளை நூல்கண்டு.

மும்தாஜ் அக்காவைப் பார்க்கப் போனேன். மெஷின்களுக்கெல்லாம் உறை போட்டிருந்தது. வந்தது மூன்றே பிள்ளைகள். வராதவர்களில் ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், பேப்பரில் படம் வந்த அன்றே வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து மிச்சத் துணியைத் திருப்பித் தரச் சொல்லி ஆள் வந்துவிட்டது.

அக்கா திட்டுவார் என்று நினைத்துத் தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை.

"உன் பேப்பர்னதும் திக்குனு ஆயிருச்சு செல்வி. உங்கிட்டப் பேசுனது எதுவுமே வரலியே."

"நான் எழுதினதை வெட்டிட்டு அவங்க மேட்டரைப் போட்டுட்டாங்கக்கா."

"அப்படித்தான் இருக்கும்னு எம் மககிட்டச் சொன்னேன். செல்வி அப்படி எழுத மாட்டாள்னு." உடனே நம்பிவிட்டார். அது இன்னும் வலித்தது.

அர்த்தநாரி மாடியேறி வந்தார். கையில் எங்கள் பேப்பர். நல்ல மனிதர். அக்கா மகளுக்கு இரண்டாவது பிரசவத்துக்கு வலி வந்த அன்றைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனவர்.

"நானென்னங்க பண்றது? அஞ்சு பேப்பர்லயும் ஒரே மாதிரி வந்திருக்குதுங்க. அஞ்சு பேரும் சேந்து பொய் சொல்லுவாங்களா?"

அஞ்சு பேர் இல்லைங்க, ஒருத்தன் டீக்கடையில உட்கார்ந்து அடிச்சது, மத்தவங்க படிச்சுக்கூடப் பாக்கலை என்று எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் என்னையே பார்த்தார். "நீங்களும் அந்தப் பேப்பர்தானுங்களே அம்மிணி." பிறகு அக்காவிடம், "என் ஊட்டுக்கு முன்னால வந்து கோஷம் போடறேன்னு சொல்றானுங்க. பத்து நாளுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க சாமி, நல்லா இருப்பீங்க."

அழுதபடியேதான் சொன்னார். அழுதால் சரியாகிவிடுமா?

மே 28, புதன்

மறுப்பு வந்துவிட்டது. அக்கா கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. மூன்று வரி. நாமக்கல் முட்டை விலைக்குக் கீழே. தலைப்பு 'மறுப்பு'. எதற்கு மறுப்பு, யார் மறுத்தது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். மற்ற நாலு பேப்பரில் அதுவும் இல்லை.

டி.வி.யில் ரா.வே. நாலு கட்டத்தில் நாலு தலை, எல்லாரும் ஒன்றாகக் கத்துகிறார்கள். ரா.வே.யை எதிர்த்து வந்தவர் ஒரு மணி நேரமும் மதச்சார்பின்மை பேசினார். வெள்ளைத் துணி, கறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எடப்பாடிக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு பக்கத்துக்கும் அக்கா தேவையில்லை.

மழை வரும் போல இருந்தது. வரவில்லை.

ஜூன் 2, திங்கள்

அக்கா காலி செய்தார். மெஷின்கள் குட்டியானை வண்டியில். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் வேலை, மாதச் சம்பளம். பேன்ட் அடி மடிப்பது, ஜாக்கெட் பிரிப்பது. ஆறு வருடம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தவர்.

கீர்த்தியும் நானும் கூட இருந்து ஏற்றிவிட்டோம். கீர்த்தி என்னுடன் பேசினாள்: "அந்தப் பக்கம் புடிம்மா." அவ்வளவுதான். அதுவே போதும் என்று இருந்தது.

அக்கா வண்டியில் ஏறும்போது, "பேப்பர்ல எப்பவாச்சும் ஒரு வரி நடந்ததை நடந்தபடி போட்டுரு செல்வி. எம் பேரன் படிப்பான்" என்றார். போடறேங்க்கா என்றேன்.

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து வாரம் ஆகிறது. தெருவெல்லாம் வெள்ளைச் சட்டை.

அதே மாடி அறை. அர்த்தநாரி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார். ரா.வே. குத்துவிளக்கு ஏற்றி 'நம் பெண்களுக்கான' தையல் வகுப்பைத் திறந்து வைத்தார். வந்த பிள்ளைகள் தலை நிறையப் பூ. சொல்லிக் கொடுக்க யார் என்று கேட்டேன். "பாத்துட்டிருக்கறோம் அம்மிணி, சீக்கிரம் வந்துருவாங்க."

இந்த வாரம் எழுத என் முறை.

கடையை மூடிக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். விளக்கு, வாழைமரம், ரா.வே. பேச்சு எல்லாம் போட்டுவிட்டு நாலாவது பத்தியில்: 'இதே அறையில் மும்தாஜ் என்பவர் ஆறு ஆண்டுகள் கட்டணமின்றித் தையல் கற்பித்து வந்தார். வெள்ளைச் சீருடைத் துணியில் கறை படியாதிருக்கவே தைக்கும்போது பூவும் குங்குமமும் வேண்டாம் என்று அவர் சொன்னதாக மாணவிகளின் பெற்றோர் தெரிவித்தனர்.'

குழுவில் போட்டேன். உடனே வரிசையாகக் கட்டைவிரல். தங்கராசு, "சூப்பருங்க்கா." ஒருவனும் படிக்கவில்லை. நாலு டெஸ்குக்கும் போய்விட்டது. எத்தனை நாளுக்குப் பிறகோ வாய்விட்டுச் சிரித்தேன். கீர்த்தி எட்டிப் பார்த்தாள். படிக்கக் கொடுத்தேன். "அய்யோ அம்மா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அவள் தூங்கப் போன பிறகு எங்கள் டெஸ்குக்கு அனுப்ப எடுத்தேன். எங்கள் டெஸ்க் படிக்கும். என்னுடையது என்றால் இப்போதெல்லாம் இரண்டு முறை படிக்கும். அட்டை இன்னும் வரவில்லை. கீர்த்தியின் காலேஜ் சீட்டுக்கு ஒருவரிடம் சொல்லி வைத்திருப்பதும் அந்த அட்டையைக் காட்டித்தான்.

நாலாவது பத்தியை எடுத்துவிட்டு அனுப்பினேன். எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று பேப்பரில் அந்தப் பத்தி முழுசாக வந்திருக்கிறது. நாலாவதில் பாதி. தங்கராசு போனில் தலையில் அடித்துக்கொள்கிறான். ரா.வே. ஆட்கள் அவன் வீட்டுக்கே போய்விட்டார்களாம். "நீங்க தப்பிச்சுட்டீங்கக்கா, உங்க பேப்பர்ல மட்டும் வரலை."

சீனிவாசன் சாரும் கூப்பிட்டார். "நாமதான் பக்குவமா போட்டிருக்கோம். அட்டை ரெடி, வந்து வாங்கிக்கங்க."

கீர்த்தி எங்கள் பேப்பரை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள். மடித்து என் முன்னால் வைத்தாள்.

மத்தியானம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மும்தாஜ் அக்கா போன். பின்னால் ஆட்டோச் சத்தம், யாரோ அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேரன் சத்தமாகப் படித்துக் காட்டினானாம், கடைக்காரரும் கேட்டாராம். குரலே வேறு மாதிரி இருந்தது.

"அஞ்சு பேப்பரும் வாங்கி வெச்சிருக்கேன் செல்வி. உம் பேப்பரைத்தான் மொதல்ல வாங்குனேன். அதுல மட்டும் காணோம். இந்தத் தடவையும் வெட்டிட்டாங்களா?"

"ஆமாங்க்கா" என்றேன். "வெட்டிட்டாங்க."