எமில் எப்படி இறந்தான் என்று எழுதுவது

மணிலா,
1899 மே 9

அன்புள்ள ஹுல்டா,

நான் சுகம். உன் இருமல் விட்டதா? பாப்பா நடக்கிறாளா?

ஸ்பெயினோடு சண்டை என்றுதான் நாங்களாக முன்வந்து அமெரிக்கப் படையில் சேர்ந்தோம். அந்தச் சண்டை முடிந்து மாதக்கணக்காகிறது. இப்போது இந்தத் தீவுக்காரர்களோடு மோதவிட்டிருக்கிறார்கள். எப்போது ஊருக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டால், கப்பல் வரட்டும் என்கிறார்கள். அது போதாதென்று, என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம், எங்கள் படையின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டுமாம்!

எழுதினேன். மாவுமில்காரர் மகன் எமில் வயிற்றுக்கடுப்பில் இறந்தான் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். கேப்டன் படித்துவிட்டுக் காகிதத்தை என் மேலேயே வீசினார்.

"பேதியில போனான்னா எழுதுவ? ஆத்தைத் தாண்டும்போது குண்டு பட்டு விழுந்தான்னு மாத்துய்யா."

"அது பொய் சார். அவங்க அம்மா படிப்பாங்க."

"அதுக்குத்தான்யா மாத்தச் சொல்றேன்!"

பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன்.

எனக்கும் வயிறு லேசாகக் கெட்டு, இப்போது சரியாகிவிட்டது. பயப்படாதே. இரண்டு ஜோடி காலுறை அனுப்பு. கடிதத்தை நீளமாக எழுது, கோழி முட்டையிட்டதைக்கூட எழுது.

எமிலின் அம்மாவைப் போய்ப் பார். கடைசி மூன்று நாளும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கேட்டால் இதைச் சொல். குண்டு என்றே நம்ப நினைத்தால் விட்டுவிடு.

தபால் மூட்டையைக் கட்டுகிறார்கள்.

உன்,
நில்ஸ்