மூன்றாவது குரலுக்குச் சைபர்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்பளவில் சௌக்கியம். உன் இருமல் நின்றுவிட்டது, வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் அந்தச் சௌக்கியம் முழுசாகும். முப்பத்தொரு வருஷம் ஆபீஸில் டைப் அடித்தவள் எதற்குக் கையால் கிறுக்கியிருக்கிறாள் என்று யோசிக்காதே, அப்பா அந்த அறையில் கண்ணயர்ந்திருக்கிறார், தட்டுகிற சத்தம் கேட்டால் எழுந்து வந்துவிடுவார். போனில் பேசலாம்தான், பேசினால் அவர் காது முழுக்க இங்கேதான் இருக்கும், அதோடு நீயும் சிரித்துவிட்டு ரெஸ்ட் எடும்மா என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் இரண்டு தரமாவது படிப்பாய்.

முதலில் வீட்டு விஷயம். சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது, என் கடைவாய்ப் பல்லை எடுத்தாயிற்று, கீழே லாண்டரிக்காரர் புது மெஷின் வாங்கியிருக்கிறார், அது சுற்றும்போது நம் அலமாரிக் கண்ணாடியெல்லாம் கிடுகிடுக்கிறது. அப்பாவுக்குப் பிரஷர் அடங்கியிருக்கிறது. கைப்பயிற்சி கொடுக்க வரும் பெண் இடது கை விரல்கள் நன்றாக வேலை செய்கின்றன என்கிறாள், வலது கை மடியில் கிடக்கிறது கிடந்தபடி. பேச்சு மட்டும் வரவில்லை. பக்கவாதத்தில் விழுந்து ஏழு மாதம் ஆகிறது, வீட்டில் என் குரலை நானே கேட்டுக்கொண்டு வளைய வருகிறேன். எத்தனை நாள் இந்த மனுஷன் கொஞ்சம் வாயை மூடமாட்டாரா என்று திட்டியிருக்கிறேன்.

அவர் விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று நீ உன் புதுப் பாட்டின் எண்களை எழுதி அனுப்பினாயே, அதைப் பற்றித்தான் சொல்லவேண்டும். அப்பாவிடம் ரிப்பேருக்குக் கொடுத்தவர் திரும்பி வராமலே போன அந்தக் கம்ப்யூட்டரை, கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கிய அந்தப் பழுப்புப் பெட்டியை, பரண் மேலிருந்து இறக்கி, பழைய டிவியில் மாட்டிக் கொடுத்தேன். புரோகிராமை ஏற்றக் கேசட்டைப் போட்டால் அதே கீச்சுக் கத்தல், ஏழு நிமிஷம். பதிமூன்று வயதில் நீ கட்டம் போட்ட நோட்டில் எண் எழுதுவாய், நான் ஆபீஸிலிருந்து வந்து சாயங்காலம் அதை அடித்துக் கொடுப்பேன், அப்பா சால்டரிங் வாடையோடு பின்னால் நின்று கேட்பார். ஒரு வரிக்கு மூன்று எண், மெஷினுக்கு மூன்று குரல், முதல் குரல் அப்பா, இரண்டாவது அம்மா, மூன்றாவது நான் என்று நீதான் வைத்தாய். அப்பாவுக்கு அடித்தொண்டை, எனக்கு நடுவாந்தரம், உனக்கு விசில் மாதிரி மெல்லிசாக ஒன்று. இந்தப் பாட்டிலும் அப்படியேதான் வைத்திருக்கிறேன் என்று நீ எழுதியபோது, இத்தனை வயசாகியும், அதுவும் ஊர் ஊராகப் போய் மேடையில் இதே மாதிரிப் பெட்டியை வாசிக்கிறவள், இன்னும் எங்களை விடவில்லையே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தினம் மூன்று மணிக்கு உட்கார்ந்து ஒற்றை விரலால் பத்து வரி அடிப்பார். முப்பத்திரண்டு நாளில் நீ அனுப்பிய முந்நூற்று இருபது வரியும் முடிந்தது. அடுத்த நாள் அடிக்க ஒன்றுமில்லை, ஆனால் மூன்று மணிக்கு அவர் பாட்டுக்குப் போய் உட்கார்ந்து முந்நூற்று இருபத்தொன்றாவது வரியை அடிக்க ஆரம்பித்தார். ஏதோ பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். யோசித்து அடிக்கிறவர் முகம் அது இல்லை. தலையை லேசாகச் சாய்த்துக் கேட்பது, காத்திருப்பது, அடிப்பது, மறுபடி கேட்பது. எத்தனை வருஷம் அதிகாரிகள் எதிரில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன், டிக்டேஷன் எடுக்கிறவர் முகம் எனக்குத் தெரியாதா. ஆனால் அந்த அறையில் யாரும் எதுவும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. டிவி விர்ரென்று இரைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் நீ அனுப்பிய இரண்டாவது கட்டு வந்தது, முந்நூற்று இருபத்தொன்றிலிருந்து நானூறு வரை. அவர் அடித்ததை டிவியில் வரவைத்து, உன் காகிதத்தில் ஸ்கேலை வைத்து, வரி வரியாக ஒப்புப் பார்த்தேன், பழைய தொழில் புத்தி. எண்பது வரி, இருநூற்று நாற்பது எண். ஒரே ஒரு எண்தான் வித்தியாசம், முந்நூற்று எழுபத்தேழாவது வரியில் மூன்றாவது எண், நீ நாற்பத்தைந்து எழுதியிருந்தாய், அவர் ஐம்பத்துநாலு அடித்திருந்தார். காகிதத்தின் தலையில் நீ போட்டிருந்த தேதியைப் பார்த்தேன். அவர் முந்நூற்று இருபத்தொன்றை அடித்து ஐந்து நாள் கழித்துத்தான் நீ எழுதவே ஆரம்பித்திருக்கிறாய். நான் ஒப்புப் பார்த்த அன்றைக்கே உன்னிடமிருந்து போன். என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? அம்மா, ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டேன், முந்நூத்தி எழுபத்தேழுல மூணாவது ஐம்பத்துநாலு, அப்பாகிட்ட சொல்லிடு என்றாய். சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். உட்கார நாற்காலி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பயந்தேன்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கொஞ்ச நாளில் அந்தப் பயத்தில் ஒரு சமாதானமும் வந்தது. வாய் பேச முடியாத மனுஷன், இவ்வளவு தூரத்தில் இருக்கும் மகளை எப்படியோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை, டாக்டரிடம் சொன்னால் எனக்கும் சேர்த்து மாத்திரை எழுதுவார். தினமும் அடித்து முடித்ததும் அவர் பாட்டை ஓடவிடுவார், மூன்று பேரும் ஒரே அறையில் இருப்பது போலவே இருக்கும். நானே மூன்று மணி எப்போது ஆகும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

போன வாரம் அவர் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தி, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். அப்புறம் அடித்தார். பிறகு பாட்டு ஓடும்போது ஓரிடத்தில் உன் விசில் பாதி மூச்சில் நின்றுவிட்டது, தடித்த குரல் இரண்டும் மட்டும் போய்க்கொண்டே இருந்தன. எடுத்துப் பார்த்தேன். நானூற்று எழுபத்தொன்றாவது வரியில் மூன்றாவது எண் சைபர். அடுத்த வரியிலும் சைபர். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பத்து வரி, பத்துச் சைபர், ஞாயிற்றுக்கிழமையோடு ஐந்நூற்று இருபது வரை வந்தாயிற்று. சைபர் என்றால் அந்தக் குரலுக்குச் சத்தம் கிடையாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். என் காதுதான் சரியில்லையோ என்றுகூட நினைத்தேன், மறுநாள் லாண்டரிக்காரர் துணி கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்று, ஏங்க்கா, மெல்லிசா ஒண்ணு வருமே, சின்னப் பொண்ணு விசிலடிக்கிற மாதிரி, அது ஏன் நேத்து பாதியில நின்னுபோச்சு என்று கேட்டார். டிவி பழசாகிவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன், அவர் பாவம், என்ன நினைத்தாரோ.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது பாட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கு என்று சும்மா கேட்பது போல் கேட்டேன். நானூத்தி அறுபதும்மா என்றாய். இருமிக்கொண்டே சொன்னாய். வெள்ளிக்கிழமை பனியில் ஆறு மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வாசிக்கப் போகிறேன் என்றும் சொன்னாய். என் தங்கமே, உன் குரல் எனக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்தது, ஆனால் உன் விசில் நிற்கிற இடத்துக்கு இன்னும் பத்தே வரி என்பதைத் தவிர வேறு ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நான் போய் உட்கார்ந்தேன். என் வேலையில் அடுத்தவர் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட என் இஷ்டத்துக்கு நான் மாற்றியது கிடையாது. அன்றைக்கு மாற்றினேன். சைபர் இருந்த இடங்களிலெல்லாம் என் எண்களைத் தூக்கி உனக்குப் போட்டேன், உன் சைபர்களை எடுத்து எனக்குப் போட்டுக்கொண்டேன், கேசட்டிலும் ஏற்றிவிட்டேன். ஓடவிட்டுப் பார்த்தால் நடுக்குரல் நின்றது, விசில் நிற்காமல் போனது. என் பாட்டை நீ பாடினாய். எனக்கு அழுகைகூட வரவில்லை, அப்பாடா என்றிருந்தது, எழுந்து போய் காபி போட்டுக் குடித்தேன்.

மூன்று மணிக்கு அவர் வந்து உட்கார்ந்தார். புது வரிக்குப் போகவில்லை. பின்னால் போய் நானூற்று எழுபத்தொன்றை வரவைத்துப் பார்த்தார், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறோம், அப்படி அவர் என்னை முறைத்ததே இல்லை. அன்று சாயங்காலம் வெளிச்சம் போகும்வரை அந்த ஒற்றை விரலால் ஒவ்வொரு வரியாகத் திருத்தினார். என் எண்களை என்னிடமே கொடுத்தார், தன் எண்களை எடுத்து உனக்குக் கொடுத்தார், சைபர்களை முதல் இடத்தில் போட்டுக்கொண்டார். நான் தடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். எல்லாம் முடிந்ததும் டிவிக் கண்ணாடியில் முதல் சைபர் மேல் விரலை வைத்து, வாயை எப்படியோ கோணிக்கொண்டு, நான் என்றார். ஏழு மாதமாக அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று நான் கும்பிடாத சாமி இல்லை, வந்த வார்த்தை அதுவாகவா இருக்கவேண்டும். அவர் மடியில் தலையை வைத்து அழுதேன்.

அந்தக் கேசட்டைத்தான் இதோடு வைத்திருக்கிறேன், வேறு பிரதி கிடையாது, பெட்டியையும் அணைத்துவிட்டேன். வீட்டில் இருந்தால் நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டு கிடப்போம், யாரும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. கூரியர்க்காரர் வியாழக்கிழமை உன் கையில் இருக்கும் என்கிறார். இது உன் பாட்டு. நானூற்று எழுபத்தொன்றிலிருந்து நீ உட்கார்ந்து எழுது, மூன்று குரலுக்கும் எண் போடு. சேருகிறதா சேரவில்லையா என்று பார்க்காதே, கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாலும் பரவாயில்லை, எங்கள் மூன்று பேரில் யாருக்கும் நீ சைபர் போடாதே. அதை எழுதி முடிக்காமல் காரில் ஏறாதே. வெள்ளிக்கிழமை உன்னைக் கேட்க வந்தவர்கள் கோபித்துக்கொண்டால் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல், எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

நீ நீண்ட ஆயுளோடும் குறையாத உடம்போடும் எங்கள் காலத்துக்குப் பின்னும் நெடுநாள் இருக்கவேண்டும், அந்த வரிசை மட்டும் மாறக்கூடாது, அப்பாவும் நானும் தரும் ஆசீர்வாதம் இதுதான். இருமலுக்கு டாக்டரிடம் போ, கழுத்தை மூடிக்கொள். எழுதி முடித்ததும் எந்த நேரமானாலும் கூப்பிட்டு எண்களைப் படித்துச் சொல், முதலில் மூன்றாவது எண்ணைச் சொல், மற்ற இரண்டையும் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் குரலுக்காகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
அம்மா