பேர் ஓடி முடியுற வரைக்கும்

கோஹெய்,

ஸ்டுடியோவுல கார்ட்டூன் படத்து வானத்தை மறுபடி வரையச் சொல்லிட்டாங்க, ஓடுறேன். மதியம் உங்க அக்கா யசுயே வர்றாங்க. கறிக்குழம்பு அடுப்பு மேல, சோறு குக்கர்ல. வெளியே போனா சாவியைக் கேஸ் மீட்டருக்குப் பின்னால வைங்க.

அக்கா வந்ததும், "கார்ட்டூன் எல்லாம் குழந்தைங்களுக்கு"ன்னு ஆரம்பிப்பாங்க. வாதாடாதீங்க. டிவி பக்கத்துல ரெண்டு டிஸ்க் வெச்சிருக்கேன். முதல்ல மலை ரயில் படம். அதுல பனி விழுறதைப் பார்த்தா நமக்கே கை விறைக்கும். திருடன் யாருன்னு பாதியிலேயே தெரிஞ்சிடும், ஏன் திருடினான்னுதான் கடைசி வரை யோசிக்க வைக்கும். அடுத்தது மீன் சந்தைப் படம். ஒரே காலையை மூணு பேர் கண்ணால காட்டுவாங்க, மூணும் நிஜமா இருக்கும்.

படம் முடிஞ்சு, வேலை செஞ்சவங்க பேர் ஓடும்போது மட்டும் எழுந்துடாதீங்க! போன ஞாயிறு, நான் வானம் வரைஞ்ச படத்துக்குப் போனப்போ, தியேட்டர்ல விளக்கு போடுறதுக்கு முன்னாடி எழுந்த ஒரே ஆள் நீங்கதான். மொத்த வரிசையும் காலை மடக்கி வழி விட்டுச்சு. என் பேர் வந்தப்போ நீங்க கழிப்பறையில. அதான் அஞ்சு நாளா முகத்தைத் தூக்கி வெச்சிருந்தேன்.

ஃபுமினோ

பி.கு: உங்க கோட்டைச் சலவைக்கு எடுத்தேன். பையில டிக்கெட் துண்டு இருந்துச்சு. அதே படம், வியாழன் சாயங்காலம், ஒத்தை சீட். அன்னிக்கு ஆபீஸ்ல வேலைன்னு சொன்னீங்களே!

என் பேர் திரையில ரெண்டு செகண்ட் கூட நிக்காது. அதுக்காக ரெண்டு மணி நேரம் தனியா உட்கார்ந்திருக்கீங்க. ரொம்ப நன்றிங்க.

கோட்டு செவ்வாய்க்கிழமை வரும். டிக்கெட் என் பர்ஸ்ல இருக்கு, திருப்பித் தர மாட்டேன்.