மாமாவின் மிஷின்

நவ. 3, திங்கள்
காலையிலிருந்தே தூறல். கம்பெனியில் ஞாயிறு முழுக்கத் தொட்டியில் தேங்கிக் கிடந்த கூலன்ட்டில் புளித்த நாற்றம். மாமா மிஷினில் புது டிரில் மாட்டினார்கள். டிரில்லுக்கு உள்ளேயே முனைவரை மெல்லிய துளைகள். அது வழியாகக் கூலன்ட் வேகமாகப் பாய்ந்து, வெட்டுகிற இடத்தையே குளிர வைக்கிறது. இதுவரை வெளியிலிருந்து குழாயில் ஊற்றினோம். அடிவரை போகாது. இரும்புச் சுருள் அடைத்துக்கொள்ளும், டிரில்லை வெளியே இழுத்து இழுத்துப் போடணும். இப்போ ஒரே மூச்சில்.

மாமாவுக்கு ஒரே பெருமை. "தொட்டுப் பாரு ரேவதி, சூடே இல்ல."

மிஷின் கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை மாதிரி கூலன்ட் ஆவி. நேராக அவர் முகத்தில்.

வாங்க: தயிர், துணி சோப்பு.

நவ. 5, புதன்
மழை இல்லை. புழுக்கம். சாப்பிடும்போது மாமாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. டப்பாவைப் பாதியில் மூடிவிட்டார்.

சாயங்காலம் அக்கா போன், புருஷனைப் பற்றித்தான். "அங்க பீடி குடிக்கிறாரா? மறைக்காம சொல்லுடி." இல்லை என்றேன். ஆவியைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

நவ. 6, வியாழன்
ஷிஃப்ட் முடிந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பஸ் ஸ்டாப் வரை நடப்பதற்குள் மாமா ஒரு கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு வரவில்லை. நெஞ்சில் விசில் மாதிரி சத்தம். பயந்துவிட்டேன். கொஞ்சம் தெளிந்ததும்:

"அக்கா கைல சொல்லாத. சாருக்கும் தெரிய வாணாம். தெரிஞ்சா என்னை மிஷின்லேர்ந்து எடுத்துடுவாங்க. அந்த மிஷின்லதான் எனக்கு மரியாதையே கீது."

திருவேற்காடு வரை ஷேர் ஆட்டோ. எனக்கு இந்த வேலை வாங்கித் தந்து, மிஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

நவ. 8, சனி
கட்டாயப்படுத்தி கிளினிக் கூட்டிப்போனேன். என்ன வேலை என்று டாக்டரம்மா கேட்டார். மாமா "கம்பெனி" என்றதோடு சரி. நான்தான் ஆவியைப் பற்றிச் சொன்னேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை.

வாயில் வைத்து மூச்சோடு இழுக்கிற மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த ஆவிப் பக்கமே போகக் கூடாதாம்.

நவ. 10, திங்கள்
சூப்பர்வைசர் சேவியர் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. மிஷின் மேலே ஏறி, ஆவியை உறிஞ்சுகிற பெட்டியைத் திறந்தார். ஃபில்டர் முழுக்கப் பிசுக்கு. யாரும் கழுவியதே இல்லை.

புது ஃபில்டர் வரும்வரைக்கும் கூலன்ட் பிரஷரைக் குறைத்து ஓட்டிப் பார்த்தார்கள். டிரில் சூடேறிப் படக்கென்று உடைந்தது. மிஷினை நிறுத்திவிட்டார்கள்.

மாமாவை, முடிந்த பீஸைச் சோதிக்கிற இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு மாற்றிவிட்டார்கள். கேட் பக்கத்தில் மாமா சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "புடுங்கிட்ட."

தனியாக வந்தேன். தலைவலி.

நவ. 12, புதன்
வெயில். புது ஃபில்டர் வந்தது. மிஷின் ஓடுகிறது. அதை ஓட்டச் சொன்னது என்னைத்தான். முடியாது சார் என்றேன். "வேற யாருக்கு அது தெரியும்?" என்றார் சேவியர் சார்.

மாமா தலையைத் தூக்கவில்லை.

அக்கா போன். "ராத்திரி நல்லா தூங்கறாரு. ஆனா உன் பேரை எடுத்தா எழுந்து போயிடறாரு. இன்னா நடந்துச்சு?" எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். அப்புறம், "நீ சாப்ட்டியா?"

அழுதேன்.

நவ. 14, வெள்ளி
மத்தியானம் மாமா ஒரு பீஸை எடுத்துக்கொண்டு மிஷின் பக்கம் வந்தார். "ஓரத்துல பிசிறு கீது, பாரு." முகத்தைப் பார்க்காமல்தான். அந்த நேரம் துளை போட்டு முடித்து மிஷின் நின்றது. அவசரத்தில் கதவில் கை வைத்தேன். தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"இரு. உள்ள அடங்கட்டும்."

கண்ணாடி வழியாக வெள்ளை மெல்ல மெல்லக் கரைவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். அப்புறம் அவரே கதவைத் திறந்துவிட்டு டேபிளுக்குப் போனார்.

சாயங்காலம் எனக்காக நிற்கவில்லை. முன்னாடியே கிளம்பிவிட்டார்.